நாலாவது பாட்டில்

அந்த மருந்துக் கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரைடாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து, நாலாம் வருடம் ஆய்வேட்டைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேன்டீனில் தன் வாயாலேயே அதைச் சொல்லித் தொலைத்தான். "அப்போ நீங்க அரை டாக்டர்" என்று யாரோ சொன்னார்கள், ஒட்டிக்கொண்டது. கேட்டால் சிரிப்பான். சிரித்துத்தான் ஆக வேண்டிய பெயர்கள் சில உண்டு.

வேலை, கொழுப்பு நிறுப்பது. இப்படிச் சொன்னால் ஏதோ கசாப்புக்கடை மாதிரி இருக்கும். உண்மையில் அது மருந்துக்கு உறை செய்கிற வேலை. உடம்புக்கு ஒரு புரதம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஆர்.என்.ஏ.வைச் சும்மா ஊசியில் ஏற்றினால் சில நிமிடங்களில் சிதைந்துபோகும். அதைக் கொழுப்பு உருண்டைக்குள் மூடித்தான் அனுப்ப வேண்டும். உருண்டை ஒவ்வொன்றும் எண்பது நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு நாலு விதக் கொழுப்பு தேவை. முதலாவது ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது சுவர். மூன்றாவது, ஊரே பார்த்துப் பயப்படுகிற அதே கொலஸ்ட்ரால், அது சுவருக்கு உறுதி. நாலாவதற்கு நீளமான வால் உண்டு. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்காமல் அந்த வால்தான் விலக்கி வைக்கும். நூற்றில் ஒன்றரைப் பங்குதான் அது. ஆனால் அது கொஞ்சம் குறைந்தாலும் உருண்டை ஊதிப்போகும், மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

இந்த நாலாவது கொழுப்பு வெள்ளைப் பொடி. மைனஸ் இருபதில், ஃப்ரீஸரில் இருக்கும். வெளியே எடுத்தால் மூடியைத் தொடாமல் இரண்டு மணி நேரம் மேசைமேல் விட வேண்டும். குளிர் போகாமல் திறந்தால் அறைக்காற்றில் உள்ள ஈரம் பொடிமேல் பனியாக இறங்கிவிடும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த நேரம், மூடியைத் திறந்த நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஒரு குழந்தைகூடப் பின்பற்றலாம்.

அரைடாக்டருக்கு அது ஏன் என்று தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போனது. ஏன் என்று தெரியாதவர்களுக்குத்தான் இரண்டு மணி நேரம், தெரிந்தவனுக்குக் கை சொல்லும் என்பது அவன் எண்ணம். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பான். சில்லென்று இல்லை என்றால் திறந்துவிடுவான். எப்போதாவது ஓரிரு முறை, அதுவும் அவசரத்துக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

அவனோடு அந்த அறையில் வேலை செய்தவளை இம்மி என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு பன்னிரண்டு வருடம் நகைக்கடையில் தராசில் நின்றவள். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் அவள் நிறுத்தால் இம்மி பிசகாது, அதனால் அந்தப் பெயர். சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாளைத் தினமும் புதிதாகப் படிப்பவள் மாதிரி விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையுறை போடுவாள்.

"அதுல என்னக்கா தினமும் எழுத்து மாறுதா?" என்று கேட்பான்.

"எழுத்து மாறாது சார். நான் மாறிடக் கூடாதுல்ல" என்பாள்.

இரண்டு மணி நேரம் அவள் பாட்டிலுக்குக் காவல் இருப்பதைப் பார்த்து, "முட்டையா அது, அடைகாக்கறீங்க?" என்று ஒருநாள் எல்லோர் முன்னும் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கும் இரண்டு மணி நேரம் முடிந்த பிறகுதான் திறந்தாள்.

சம்பவம் நடந்த நாளில் அரைடாக்டருக்கு அவசரம். பழைய கல்லூரியில் அவனுடைய பேராசிரியருக்குப் பிரிவுபசாரம், காலை பதினொரு மணிக்கு. அவனுக்கு அடுத்து வந்து, அவனிடமே கருவிகளை இயக்கக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் இப்போது முழு டாக்டர்கள், அவர்களும் வருகிறார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் பயந்து வரவில்லை என்று நினைப்பார்களோ என்று பயந்து போனான். எட்டே முக்காலுக்கு நாலாவது பாட்டிலை வெளியே எடுத்தான். ஒன்பதரைக்குத் திறந்தான். பதிவேட்டில், எடுத்த நேரம் ஏழரை என்று எழுதினான். நிறுத்தான், எரிசாராயத்தில் கரைத்துக் கொடுத்தான், பாட்டிலை மூடி ஃப்ரீஸரில் வைத்தான், தேய்த்து வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

அங்கே பேராசிரியர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வந்தார். இவர் டாக்டர், இவர் டாக்டர் என்று பக்கத்தில் நின்றவருக்கு அறிமுகம் செய்துகொண்டே வந்தவர், இவனிடம் வந்ததும், "நீ... எங்க இருக்கே இப்போ?" என்றார். "நானோ மருந்து சார்" என்றான். "நல்லது, நல்லது" என்றார். அதற்குள் அவர் கை அடுத்தவன் கைக்குப் போய்விட்டது. இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தான். இதற்காகத்தான் அத்தனையும்.

அன்று அவன் நிறுத்த பேட்ச் தேறிவிட்டது. உருண்டை தொண்ணூற்று நாலு நானோமீட்டர், வரம்பு நூறு. அவன் அள்ளியபோது ஈரம் அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. மூடியபிறகு அது பாட்டிலுக்குள் என்ன செய்தது என்று யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து இம்மியின் முறை. அதே பாட்டில். அவள் நிறுத்துக் கொடுத்த கொழுப்பில் செய்த உருண்டைகள் நூற்று அறுபத்தெட்டு நானோமீட்டர் வந்தன. மொத்த பேட்சும் வீண். கல்லீரலில் ஒரு நொதி இல்லாமல் பிறந்த ஆறு குழந்தைகளுக்கான பரிசோதனை மருந்து அது. அடுத்த பேட்சுக்கு ஐந்து வாரம் ஆகும் என்று மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் இம்மிக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அந்தக் கடிதம் மேனேஜர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது.

விசாரணை நடத்தியவரை எல்லோரும் சிவப்புப்பேனா என்பார்கள். தரம் பார்க்கும் பிரிவுக்காரர், பதிவேடுகளில் தப்பைச் சுழித்துச் சுழித்துப் பெயர் வாங்கியவர். விஷயம் தெரிந்தவன் என்று அரைடாக்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அவன், மேனேஜர், சிவப்புப்பேனா. அந்தப் பக்கம் இம்மி தனியாக, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.

"ரெண்டு மணி நேரம் வச்சீங்களாம்மா?" என்று கேட்டார் சிவப்புப்பேனா.

"வச்சேன் சார். எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க. வச்சீங்களான்னு கேக்கறேன்."

"எழுதினா வச்சேன்னுதானே சார் அர்த்தம்?"

அரைடாக்டர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. மேனேஜர் அவன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றார். "பல காரணம் இருக்கலாம்" என்றான். சொன்னபோது தன் குரல் அந்தப் பேராசிரியரின் குரல் மாதிரியே இருந்ததைக் கவனித்தான்.

காரணம் தெரியவில்லை, இம்மியின் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று முடிவானது. வெளியே வந்ததும் கேன்டீனில் கலவைப் பிரிவு ஆட்கள், "என்னக்கா, உருண்டை பிடிக்கச் சொன்னா பூசணிக்காய் பிடிச்சிருக்கீங்க?" என்றார்கள். அவள், "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, உங்க சைஸுக்குச் சரியா இருக்கும்" என்றாள். ஆனால் தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அரைடாக்டர் இரண்டு நாள் மென்று விழுங்கினான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. தன்னையும் விட்டுக்கொடுக்காமல் அவளையும் காப்பாற்றுகிற வழி. அந்த மாதிரி வழிகள் அவனுக்குச் சட்டென்று தோன்றும், படிப்பு அதற்குத்தான் உதவியது. சிவப்புப்பேனாவிடம் போய், "பாட்டில்ல மீதி இருக்கிற பொடியில ஈரம் எவ்வளவுன்னு பாத்தீங்களா?" என்றான். பார்க்கவில்லை. பார்த்தார்கள். அரை சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது, நாலு சதவீதம் இருந்தது. பொடியின் வால் உடைந்துபோயிருந்தது. உருண்டை ஏன் ஊதியது என்று ஒரே மாலையில் விளங்கிவிட்டது. பாட்டில் பேரில் பழி போட்டு, கம்பெனிக்காரனின் மூடி சரியில்லை என்று முடித்துவிடுவார்கள் என்று அவன் கணக்குப் போட்டான்.

மேனேஜர் எல்லோர் முன்னும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்கிறது" என்றார்.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னான். மனைவி ஆரம்பப்பள்ளி ஆசிரியை, பரீட்சைத்தாள் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்போதே அவன் அப்பாவுக்குப் போன் போட்டாள். "மாமா, உங்க பையன் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்காரு. அங்க ஒருத்தருக்கும் தெரியலையாம்."

அப்பா போனை அவனிடம் கொடுக்கச் சொன்னார். "டாக்டர்!" என்றார். அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார். பாதியில் விட்டது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைத்ததை அவரால் திரும்ப வாங்க முடியவில்லை.

மனைவி தாள்களை அடுக்கிக்கொண்டே, "அப்போ அந்தக்கா மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சுல்ல?" என்று கேட்டாள்.

"ஆயிடும்."

"அவங்ககிட்ட நீங்களே முதல்ல சொல்லுங்க. சந்தோஷப்படுவாங்க."

மறுநாள் காலையில் சிவப்புப்பேனா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பதிவேடு இம்மி எழுதிய பக்கத்தில் திறந்திருந்தது. அதில் சிவப்பு வட்டம்.

"பெரிய உதவி பண்ணினீங்க சார். நான் சும்மா விட்டிருப்பேன். காரணம் தெரியலன்னு மூடியிருப்பேன். இப்போ எல்லாம் நேரா வந்துடுச்சு பாருங்க. மூடியைச் சோதிச்சாச்சு, ஓட்டை இல்ல. ஈரம் எப்படி வந்திருக்கும்? குளிரோட திறந்தாத்தான் வரும். அந்தப் பாட்டிலை ரெண்டே பேர்தான் திறந்திருக்கீங்க. முதல்ல நீங்க, உங்க பேட்ச் பாஸ். அடுத்தது அவங்க. அவங்களோடது ஃபெயில். அப்போ யாரு?"

அவன் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்தான்.

"அதுவும் ரெண்டு மணி நேரம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. தப்பு நடந்தா மன்னிக்கலாம். பொய்யா எழுதினதை மன்னிக்க முடியாது. இன்னிக்கு மதியமே அனுப்பறோம். மருந்துக் கம்பெனி எதுலயும் இனிமே கால் வைக்க முடியாது."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா ஏன் திறக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியாதே சார். தெரிஞ்சவன் செய்வானா?"

அவன் அறையைவிட்டு வெளியே வந்தான். கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில் இம்மி நின்றிருந்தாள். எடை போடக் கூடாது என்று காலையிலேயே அவளைத் தராசிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதிலும் ஒரு வரிசை இருந்தது.

"அக்கா" என்றான்.

"சொல்லுங்க சார்."

"நான்..." என்று நிறுத்திக்கொண்டான்.

அவள் ஒரு குடுவையைத் துணியால் துடைத்தாள். அவனைப் பார்க்காமல் பேசினாள். "நீங்க அந்தப் பாட்டிலை எடுத்த அன்னிக்கு ஏழே முக்காலுக்கு நான் ஃப்ரீஸரைத் திறந்தேன் சார், கொலஸ்ட்ரால் எடுக்க. நாலாவது பாட்டில் உள்ளதான் இருந்துச்சு. நீங்க ஏழரைக்கே எடுத்ததா எழுதியிருக்கீங்க."



"எப்போ பாத்தீங்க அதை?"

"என் பேட்ச் போச்சுன்னு சொன்ன அன்னிக்கே. எங்க தப்பு விட்டோம்னு பதிவேட்டைத் திருப்பினேன். முந்தின பக்கம் உங்களோடது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"யாருகிட்ட? நகைக்கடையில தராசு பிடிச்சவ, டாக்டர் எழுதினது பொய்ன்னு சொல்றா. கேக்கவே நல்லா இருக்குல்ல?"

"நான் டாக்டர் இல்ல."

"கேன்டீன்ல நீங்க அரை டாக்டர் சார். விசாரணைன்னு வந்தா முழு டாக்டர்தான்." குடுவையை வைத்தாள். "அதுவும் போக, நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அந்த மேசையில எதிர்ல உக்காந்திருந்தீங்கல்ல, அப்பவே சொல்லிடுவீங்கன்னு. தண்ணி பாட்டிலைத் திருகிக்கிட்டே இருந்தீங்க."

"ஈரம் பாக்கச் சொன்னது உங்களைக் காப்பாத்தத்தான் அக்கா. சத்தியமா."

அப்போதுதான் அவள் அவனை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். புரியாத ஒரு பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"என்னைக் காப்பாத்த உங்களுக்கு மெஷின் எதுக்கு சார்? வாய் இருந்துச்சே."

அவன் நின்றான். அவள் அடுத்த குடுவையை எடுத்தாள். இனி அவனிடம் பேச அவளுக்கு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால், அவள் தன்னைத் திட்ட வேண்டும் என்று கெஞ்சிவிடுவோமோ என்று பயம் வந்தது. திரும்பி நடந்தான்.

சிவப்புப்பேனாவின் அறையில் மேனேஜரும் இருந்தார். இம்மியை அனுப்பும் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டாமல் உள்ளே போனான்.

"பாட்டிலைக் குளிரோட திறந்தது நான். எட்டே முக்காலுக்கு எடுத்து ஒன்பதரைக்குத் திறந்தேன். ஏழரைன்னு எழுதினேன்."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. பதறாதீங்க. அவங்களுக்காக நீங்க பழியை ஏத்துக்க வேண்டாம்."

"பழி இல்ல. கேட்ல கார்டு தேச்ச நேரத்தைப் பாருங்க. எட்டு இருபத்தஞ்சுக்குத்தான் உள்ளயே வந்தேன்."

சிவப்புப்பேனா கம்ப்யூட்டரில் பார்த்தார். தலையை ஆட்டினார். எவ்வளவு லேசான வேலை அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை நாளாக அவனுடைய கார்டை யாரும் பார்க்க நினைக்கவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி. மனுஷன்தானே. வேலைப் பளுவுல நேரத்தை மாத்தி எழுதியிருப்பீங்க. கவனக்குறைவுன்னு போட்டுக்கலாம். நீங்களே வந்து சொன்னீங்கங்கறதையும் சேத்து எழுதலாம். காரணத்தைக் கண்டுபிடிச்சதும் நீங்கதானே."

கொஞ்ச நேரத்துக்கு முன்பு இம்மி எழுதியதாக நினைத்தபோது அது பொய்க் கையெழுத்து. இவன் எழுதியது என்று தெரிந்ததும் அது கவனக்குறைவு. மேனேஜர் நல்ல மனிதர்தான், அவர் குரலில் கள்ளம் இல்லை. அந்தப் பாதுகாப்பான வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொள்ள அவனுக்கு ஆசையாகவே இருந்தது. அந்த ஆசையை அவன் தெளிவாகவே உணர்ந்தான். அதற்கும் சேர்த்துக் கூசினான்.

"கவனக்குறைவு இல்ல. தெரிஞ்சே எழுதினேன். ஒரு பார்ட்டிக்குப் போகணும்னு."

"என்ன பார்ட்டி?"

"என் பேராசிரியர் ரிடையர் ஆனாரு."

சிவப்புப்பேனா அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, இம்மியை வரச் சொன்னார். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள். உங்கள் பேரில் தப்பு இல்லை, நிரந்தரக் கடிதத்தில் இன்றைக்கே கையெழுத்தாகிவிடும் என்று மேனேஜர் சொன்னார்.

"தப்பில்லங்கறதை எழுதிக் குடுங்க சார்" என்றாள்.

"அதான் சொல்றோமேம்மா."

"சந்தேகப்பட்டதை எழுதித்தானே வச்சிருந்தீங்க? இதையும் எழுதுங்க."

சிவப்புப்பேனா எழுதிக் கொடுத்தார். அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். தேதி விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டிப் போட வைத்தாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவன் நாற்காலியைத் தாண்டி, அவன் அங்கே இல்லாத மாதிரி வெளியே போனாள்.

முடிந்தது என்று நினைத்து அவனும் எழுந்தான். சிவப்புப்பேனா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி?"

"என்ன?"

"இதுதான் முதல் தடவையா சார்?"

ஓரிரு முறை என்று வாயில் வந்துவிட்டது. இத்தனை நாள் தனக்கே சொல்லிப் பழகிய வார்த்தை. சொல்லாமல் நிறுத்தினான்.

"இல்ல."

"எத்தனை?"

"எண்ணல."

மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தடவைகளில் செய்த மருந்துகளெல்லாம் சோதனையில் தேறி வெளியே போனவை. உடம்புகளுக்குள் போய்ச் சேர்ந்தவை. ஒவ்வொன்றையும் இனித் திரும்ப எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

"பதிவேட்டைக் கொண்டு வாங்க. பாத்தா எனக்குத் தெரியும்" என்றான் அவன். நிஜமாகக் காத்திருந்த நாட்களில் அவன் எழுதிய நேரங்கள் எட்டு ஏழு, ஒன்பது பதின்மூன்று என்று இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை. பொய் எழுதிய நாட்களில் எல்லாம் ஏழரை, எட்டு, எட்டரை. கற்பனை நேரத்துக்கு உதிரி நிமிடம் போட அவனுக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு வருடத்துப் பதிவேடுகள் வந்தன. அவன் பக்கங்களைத் திருப்பினான். விரல் நின்ற இடத்திலெல்லாம் சிவப்புப்பேனா ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டினார். முதல் பதிவேட்டிலேயே ஏழு. மேனேஜர் முதலில் ஒவ்வொரு தாளுக்கும் எந்த பேட்ச், எந்த மருத்துவமனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்பதை நிறுத்தினார். பத்தொன்பதாவது ஒட்டுத்தாளில் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சிவப்புப்பேனா போகவில்லை. "அடுத்தது சார்" என்றார்.

அவன் பக்கத்தைத் திருப்பினான்.